தேவனோடு தனித்திருக்க: தாகமுள்ளவர்களுக்குச் சில வழிமுறைகள்

பல ஆண்டுகளாக ஆராதனைக்குத் தவறாமல் போகிறவர்கள், வேதத்தை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை பலமுறை வாசித்து முடித்தவர்கள், ஏன், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்களும்கூட, மனம் திறந்து பேசுகிற வேளையில் தயங்கித் தயங்கிச் சொல்லுகிற ஒன்று உண்டு: "அவரைப் பற்றி நிறையத் தெரியும்; அவரைத் தெரியுமா என்றுதான் சந்தேகமாக இருக்கிறது." யோபு தன் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன்; இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்கிறான். அந்த வசனத்தின் முதல் பாதியில் நின்றுகொண்டு இரண்டாம் பாதிக்காக ஏங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தேவனை வரவழைக்கும் உத்தி எதுவும் இதில் கிடையாது. அப்படி ஒன்று தம்மிடம் இருப்பதாகச் சொல்லுகிறவர்களிடமிருந்து சற்று விலகியே இருங்கள். வருவதும் வராததும் அவருடைய சித்தம். எங்கே, எப்படி, எதைச் செய்துகொண்டு காத்திருப்பது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

ஏக்கத்தைப் பெயர்சொல்லி எழுதுங்கள்

"மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்று தொடங்கும் 42ஆம் சங்கீதத்தை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் அதைப் பாடினவர் எங்கிருந்து பாடினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் ஆலயத்துக்குத் தொலைவில், யோர்தான் தேசத்திலும் எர்மோன் மலைகளிலும் இருக்கிறார். கூட்டத்தோடு துதிபாடி ஆலயத்துக்குப் போன பழைய நாட்களை நினைத்து அழுகிறார். சுற்றியிருப்பவர்கள், "உன் தேவன் எங்கே?" என்று கேட்கிறார்கள். அந்த நிலையில் அவர் செய்வது என்னவென்றால், தன் தாகத்தைத் தேவனிடமே சொல்லுகிறார், பிறகு திரும்பி, "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று தன்னையே கேட்கிறார். அந்தக் கேள்வி இந்தச் சங்கீதத்திலும் இதன் தொடர்ச்சியான 43ஆம் சங்கீதத்திலுமாக மூன்று முறை வருகிறது. ஒரே தடவை கேட்டு அவர் ஆறுதல் அடைந்துவிடவில்லை என்பது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தருகிறது.

ஆகவே, முதல் நாள் செய்ய வேண்டிய வேலை ஒரு தாளை எடுத்து, "நான் உண்மையில் எதற்காக ஏங்குகிறேன்?" என்று எழுதிப் பார்ப்பதுதான். எழுதும்போது ஏக்கம் பல இழைகளாகப் பிரிவதைக் காண்பீர்கள். ஒரு பிரச்சினை தீர வேண்டும் என்ற தவிப்பு அதில் ஒன்றாக இருக்கும். சாட்சி சொன்ன ஒருவருக்கு நேர்ந்தது எனக்கு ஏன் நேரவில்லை என்ற பொறாமை கலந்த வருத்தம் ஒன்றாக இருக்கும். தனிமை, சோர்வு, குற்ற உணர்வு ஆகியவையும் இருக்கக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் அடியில், அவரையே காண வேண்டும் என்ற மெல்லிய இழை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மற்ற இழைகளைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. அவற்றையும் தேவனிடத்தில் கொண்டுபோகலாம். ஆனால் எது எது என்று தெரிந்துகொண்டு கொண்டுபோவது நல்லது. இல்லாவிட்டால், பிரச்சினை தீர்ந்த மறுநாளே தாகமும் தீர்ந்துவிடும். அது ஏன் தீர்ந்தது என்றும் நமக்கு விளங்காது.

பிறருடைய சாட்சியை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஏங்குகிறவர்களை அதிகமாக முடக்கிப்போடுவது பாவத்தைவிடவும் ஒப்பீடுதான் என்பது நான் கண்டது. 1654ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி இரவு, ஏறக்குறைய பத்தரை மணி முதல் பன்னிரண்டரை மணி வரை, கணித மேதை பாஸ்கலுக்கு நேர்ந்த அனுபவத்தை அவர் "நெருப்பு" என்ற ஒற்றைச் சொல்லைத் தலைப்பில் இட்டுக் குறித்து வைத்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியோ 1738ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமலேயே போனார். ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருக்க, ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தன் இருதயம் விநோதமாய் அனல்கொண்டதை உணர்ந்தார். அதற்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் குருப்பட்டம் பெற்றவர். சாது சுந்தர்சிங் 1904 டிசம்பரில், விடியுமுன் தன் அறையில் ஓர் ஒளியையும் அதில் இயேசுவையும் கண்டதாகச் சாட்சி சொன்னார். ஒருவருக்கு நெருப்பு, ஒருவருக்கு அனல், ஒருவருக்கு ஒளி. வேதத்திலும் அப்படியே: மோசேக்கு எரிகிற முட்செடி, எலியாவுக்கு அமர்ந்த மெல்லிய சத்தம், மகதலேனா மரியாளுக்குத் தோட்டக்காரர் என்று அவள் எண்ணின ஒருவருடைய வாயிலிருந்து வந்த தன் சொந்தப் பெயர். உங்களுக்கு வருவது எந்த வடிவில் வரும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், வேறு வடிவில் வரும்போது அதைத் தோட்டக்காரர் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவீர்கள்.

இடமும் நேரமும்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று ஆண்டவர் சொன்னார். அங்கே கிரேக்கத்தில் வரும் சொல் பண்டங்களைச் சேர்த்துவைக்கும் உள்ளறையையும் குறிக்கும். அலங்காரமான ஜெப அறை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அடைக்கக்கூடிய ஒரு கதவு போதும். கதவும் இல்லாத வீடாக இருந்தால், எல்லாரும் எழும்புமுன் கிடைக்கும் அரைமணி நேரமே கதவு. நாளுக்கு முப்பது நிமிடம், ஒரே நேரம், ஒரே நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது முடியாவிட்டால் பதினைந்து. ஆனால் அந்தப் பதினைந்தை வாரத்தில் ஆறு நாளாவது காத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மூன்று மணி நேரம் உருகி ஜெபித்து, அடுத்த பத்து நாள் எட்டிப் பார்க்காமல் இருப்பதைவிட அது மேலானது. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். வேதம் கைப்பேசியில்தானே இருக்கிறது என்பவர்கள் அச்சிட்ட வேதாகமத்துக்குத் திரும்ப வேண்டிய நேரம் இது.

உட்கார்ந்தவுடன் என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் முன்னதாகச் சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாளே எழுந்துபோய்விடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் மனம் ஒரு சந்தைக்கடைபோல இருக்கும். கட்டவேண்டிய கட்டணம், பதில் அனுப்பாத மின்னஞ்சல், நேற்று ஒருவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப்போன வார்த்தை, அதற்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்து, ஒற்றைச் சொல்லாகக் குறித்துக்கொண்டு, "ஆண்டவரே, இதுவும் உம்முடையது" என்று சொல்லி அடுத்ததுக்குப் போங்கள். தாளில் ஏழெட்டுச் சொற்கள் சேர்ந்ததும் சந்தை தானாகவே கலையத் தொடங்கும். விண்ணப்பப் பட்டியலை இந்த நேரத்தில் எடுக்க வேண்டாம். அதற்கு மாலை நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரே வேதபகுதி

இதுவே இந்த வழிமுறையின் மையம் என்று நினைக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ, வாசிப்பு, தியானம், ஜெபம், தேவ தரிசனத்தில் இளைப்பாறுதல் என்று ஓர் ஏணியின் நான்கு படிகளைச் சொன்னார். நம்மில் பெரும்பாலோர் முதல் படியிலேயே வேகமாக நடந்து பழகியவர்கள். நாளுக்கு மூன்று அதிகாரம், ஆண்டுக்கு ஒருமுறை முழு வேதம் என்பது நல்ல பழக்கமே. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் இந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் பத்துப் பதினைந்து வசனங்களுக்கு மேற்படாத ஒரே பகுதியை எடுத்து, ஏழு நாளும் அதையே வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். எந்தச் சொல்லில் நெஞ்சு இடறுகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். மீதி வசனங்கள் எங்கும் ஓடிப்போகாது.

என் சொந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லலாம். எதிர்பார்த்த ஒன்று கைகூடாமல் போன ஒரு காலத்தில், லூக்கா 24ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவோடு அவர் இன்னார் என்று அறியாமலே எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோகும் சீஷர் இருவரின் பகுதியை எடுத்திருந்தேன். நான்கு நாள் எதுவும் நடக்கவில்லை. தெரிந்த கதை, தெரிந்த முடிவு. அப்பம் பிட்கும்போது கண் திறக்கும் என்று முன்பே தெரிந்திருப்பதால் என் கண்ணில் வியப்பே இல்லை. ஐந்தாம் நாள் வாய்விட்டு வாசிக்கையில் 21ஆம் வசனத்தில் ஒரு சொல்லில் நாக்கு நின்றது: "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவரென்று நாங்கள் நம்பியிருந்தோம்." நம்புகிறோம் என்றும் சொல்லாமல், நம்பவில்லை என்றும் சொல்லாமல், நம்பியிருந்தோம் என்கிறார்கள். அந்த "இருந்தோம்" என்பதில் எவ்வளவு அலுப்பு! அதைவிட, யாரைக் குறித்து ஏமாந்துபோனார்களோ அவரிடமே, அவர் இன்னார் என்று அறியாமல், அந்த ஏமாற்றத்தைக் கொட்டுகிறார்கள். அவரும் இடையில் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டு கூடவே நடக்கிறார். அன்று வேதத்தை மூடிவிட்டு, "நான் நம்பியிருந்தேன்" என்று முடியும் வாக்கியங்களை நோட்டில் எழுதத் தொடங்கினேன். பதினொன்று வந்தது. அவற்றில் மூன்றை அதற்கு முன் ஜெபத்தில் ஒருமுறைகூட சொன்னதில்லை. அறையில் வெளிச்சம் எதுவும் வரவில்லை, சத்தமும் கேட்கவில்லை. ஆனால் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேனோ என்று பல மாதங்களாக இருந்த உணர்வு அன்று இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவருக்குச் சொன்னதுபோல் இருந்தது.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். எம்மாவு பகுதியை எடுத்து, "ஆண்டவரே, நீர் இதைச் செய்வீர் என்று நம்பியிருந்தேன்" என்ற வாக்கியத்தை உங்கள் வாழ்க்கையைக் கொண்டு நிரப்புங்கள். மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். 88ஆம் சங்கீதம் துதியில் முடிவதே இல்லை. இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. அலங்கரித்த ஜெபத்தில் நாம் நிறுத்தும் ஆளைத்தான் அவர் சந்திக்க முடியும். அந்த ஆளோ நாமாக இருப்பதில்லை. அதே பகுதியில் இன்னொன்றும் உண்டு. ஊர் நெருங்கினபோது, "அவர் அப்புறம் போகிறவர்போலக் காண்பித்தார்." அவர்கள், "நீர் எங்களுடனே தங்கியிரும்" என்று "வருந்திக்" கேட்டுக்கொண்ட பிறகே உள்ளே வந்தார். வருந்திக் கேட்பது என்பதற்கு உரத்த சத்தம் என்று பொருள் இல்லை. ஏழாம் நாளும் அதே நாற்காலிக்குத் திரும்பி வருவதும் வருந்திக் கேட்பதுதான்.

பேசி முடித்த பின் ஐந்து நிமிடமாவது ஒன்றும் சொல்லாமல் இருங்கள். சிறுவன் சாமுவேல், "சொல்லும்; அடியேன் கேட்கிறேன்" என்றது நான்காவது அழைப்பில்தான்; முதல் மூன்று முறையும் ஏலியின் குரல் என்று எண்ணி எழுந்து ஓடினான். ஆலயத்திலேயே படுத்துக்கிடந்த அவனைக் குறித்து, அவன் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான் என்றே வேதம் சொல்லுகிறது. அழைப்பது யார் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கண் மங்கின ஒரு முதியவர். ஆகவே உங்கள் சபையிலோ வெளியிலோ, நீண்ட காலம் ஜெபத்தில் நடந்த, அதிகம் பேசாத ஒருவரைத் தேடி, மாதம் ஒருமுறை அவரோடு உட்காருங்கள். உடனே உங்களுக்காகத் தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்குகிறவர் இந்தப் பணிக்கு ஏற்றவர் அல்லர் என்பது என் அபிப்பிராயம்.

தடையாக நிற்பவை

"இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தேவனைத் தரிசிப்பார்கள்" என்ற வசனத்தைத் தாண்டிப்போக முடியாது. தெரிந்தே விடாமல் பிடித்திருக்கிற பாவம், திருப்பிக் கொடுக்காத கடன், பேச்சை முறித்துக்கொண்ட சகோதரன் ஆகிய இவற்றில் ஒன்று ஜெபத்தில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் அதைச் சரிசெய்யச் சொல்லுகிறார் ஆண்டவர். அதே சமயத்தில், தேவ பிரசன்னத்தை உணராத ஒவ்வொருவரிடமும், "உன் வாழ்க்கையில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது" என்று சொல்லுகிறவர்கள் யோபின் நண்பர்களுடைய வேலையைச் செய்கிறார்கள். அந்த நண்பர்களைக் கர்த்தர் கடைசியில் கண்டித்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையாக ஆராய்ந்து பார்த்து ஒன்றும் தென்படாவிட்டால், தோண்டிக்கொண்டே இருக்க வேண்டாம்.

உடலும் தடையாக இருக்கலாம். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கோரின எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது போதனை அல்ல, அடையும் தண்ணீரும்; அவன் தின்று, தூங்கி, மறுபடியும் தின்ற பிறகே ஓரேப் மலைக்கு நடந்தான். தூக்கமின்மையும் நாள்பட்ட மனச்சோர்வும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. உபவாசம் நல்லதுதான், ஆனால் அதைத் தேவனிடம் பேரம் பேசும் கருவியாக்காமல், பசிக்கும் வேளையில், "இதைவிட உம்மேல் பசியாயிருக்க எனக்குக் கற்றுத்தாரும்" என்று சொல்லும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் மருத்துவ ஆலோசனையின்றி உபவாசிக்க வேண்டாம்.

நாற்காலியை விட்டு எழுந்த பின்

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையலறை வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், அந்த வேலையை இயல்பாகவே வெறுத்தவர். ஆனாலும் பாத்திரங்களின் சத்தத்துக்கும் ஆட்களின் கூச்சலுக்கும் நடுவே, நற்கருணையின் முன் முழங்காற்படியிட்டிருக்கும்போது இருக்கிற அதே அமைதியோடு தேவனோடு இருக்கக் கற்றுக்கொண்டார். அதற்கு அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நம்மால் தொடங்கக்கூடியது எளியது: அன்று காலை நெஞ்சில் நின்ற சொல்லை, கதவைத் திறக்கும்போதும் கணினியை இயக்கும்போதும் படியேறும்போதும் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். திருவிருந்தைத் தவறவிடாதீர்கள், எம்மாவில் கண்கள் திறந்தது அப்பம் பிட்கப்பட்டபோதுதான். வாரத்தில் ஒருமுறையாவது, உங்களுக்குத் திருப்பிச் செய்ய இயலாத ஒருவருக்குக் கையால் ஏதேனும் செய்யுங்கள். மிகவும் சிறியவரான சகோதரருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அவர் எண்ணுகிறார் என்பதால், அங்கேயும் அவரைத் தேடலாம்.

ஒன்றும் நடக்காத மாதங்கள்

அவை வரும். "இதோ, நான் முன்னாகப்போனாலும் அவர் இல்லை, பின்னாகப்போனாலும் அவரைக் காணேன்" என்று யோபு சொன்னான், அடுத்த மூச்சிலேயே, "ஆனாலும் நான் போகும் வழியை அவர் அறிவார்" என்றான். அன்னை தெரேசா தம் ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் வெளியானபோது, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவர் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலேயே ஜெபித்தும் உழைத்தும் வந்தார் என்பது தெரிந்து பலர் அதிர்ந்தனர். எனக்கோ அந்தச் செய்தி ஒரு பாரத்தை இறக்கிவைத்தது. வறட்சி காலத்தில் நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சொந்தச் சொற்கள் வராவிட்டால் ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். உணர்ச்சியைக் கிளப்பிக்கொள்வதற்காக ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு அலையாதீர்கள். இசையும் வெளிச்சமும் உண்டாக்குகிற கிளர்ச்சி வீடு வந்து சேருமுன் வடிந்துவிடும், அதன் பின் நாற்காலி முன்னிலும் வெறுமையாகத் தோன்றும்.

ஏதேனும் நடந்தால்

"எல்லா ஆவிகளையும் நம்பாமல்" சோதித்தறியும்படி யோவான் எழுதினார். நீங்கள் கேட்டதாகவோ கண்டதாகவோ உணருகிற ஒன்று வேதத்துக்கு மாறாக இருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். உங்களைப் பிறரைவிட உயர்ந்தவராக எண்ணவைத்தாலும், பதற்றத்தோடு உடனே முடிவெடுக்க நெருக்கினாலும், வேறொருவருடைய பணத்தையோ கீழ்ப்படிதலையோ கேட்கச் சொன்னாலும், பொறுமையாக இருங்கள். மாதம் ஒருமுறை நீங்கள் சந்திக்கும் அந்த ஜெப அனுபவமுள்ளவரிடம் சொல்லி ஆலோசனை கேளுங்கள். அன்பும் சமாதானமும் நீடிய பொறுமையும் உங்களில் வளருகிறதா என்பதை, உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் உங்களைவிடச் சரியாகச் சொல்லுவார்கள்.

உடனே எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்ற துடிப்பு வரும். பவுல் தாம் மூன்றாம் வானம்வரைக்கும் எடுக்கப்பட்டதைக் கொரிந்தியருக்குச் சொன்னபோது, அது நடந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதும் "ஒரு மனுஷனை அறிவேன்" என்று யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்லுவதுபோலவே சொன்னார். பாஸ்கல் அந்த இரவின் குறிப்பைத் தன் மேலாடையின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். 1662இல் அவர் இறந்த பிறகே அது கண்டெடுக்கப்பட்டது. ஆகவே தேதியையும் நேரத்தையும் வேதபகுதியையும் நோட்டில் எழுதிவையுங்கள்; நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் உட்காருங்கள். நேற்று நடந்தது இன்றும் நடக்க வேண்டும் என்று கேட்காமல், நேற்று நிறுத்திய வசனத்துக்கு அடுத்த வசனத்திலிருந்து, வாய்விட்டு, மெதுவாக வாசிக்கத் தொடங்குங்கள்.